கை திரும்பியும் வண்டி திரும்பாதபோது



பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடும்பத்தார் பலர் நம்மிடம் கூறும் குறை ஒன்று உண்டு. “ஸ்டியரிங் முன்போல் இல்லை; கொஞ்சம் லூஸாக இருக்கிறது” என்பார்கள். கேட்பதற்குச் சிறு குறைபோல் தோன்றும். வண்டி ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, விளக்கு எரிகிறது. பிறகென்ன என்று மாதக்கணக்கில் காலம் கடத்துவோரும் உண்டு. ஆனால் அந்த வண்டியில் ஏறுவது யார் என்று எண்ணிப் பாருங்கள். வயது முதிர்ந்த பெற்றோர், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், பிரசவத்துக்காகத் தாய்வீடு வரும் மகள். எதிரே வரும் லாரிக்கு ஒதுங்கவேண்டிய அந்த ஒரு நொடியில், கை திரும்பியபின் வண்டி திரும்பச் சிறிது நேரம் பிடிக்குமானால் அது சிறு குறையன்று. ஆகவே இம்மாதம் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறோம்.

நம் ஊர்களில் ‘பழைய வண்டி’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது அம்பாசிடர்தான். பிரித்தானியாவின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் வண்டியின் மூன்றாம் வரிசையை அடியொற்றி உருவான இவ்வண்டியின் உற்பத்தி, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுபோயிற்று. அதே ஆண்டின் தொடக்கத்தில் மாருதி 800 வண்டியும் விடைபெற்றது. பிரீமியர் பத்மினியோ இவற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே நின்றுவிட்டது. ஆயினும் இம்மூன்றும் இன்னும் எத்தனையோ வீட்டு வாசல்களில் நிற்கின்றன. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்க, அதைச் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும்; அப்போது ஸ்டியரிங்கையும் ஆட்டிப் பார்ப்பார்கள். அதற்காகவேனும் இதை அறிந்திருத்தல் நலம்.

‘லூஸ்’ என்ற ஒரே சொல்லால் மக்கள் குறிப்பிடுவது ஒரே நோயையன்று. இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் பட்டறைக்குப் போனால், தலைவலிக்கு வயிற்றுமருந்து வாங்கிய கதையாகிவிடும். ஸ்டியரிங்கை இப்புறம் அப்புறம் சிறிது திருப்பினாலும் முன்சக்கரங்கள் அசையாமல் நிற்குமானால் அது ‘ஆட்டம்’. மெக்கானிக்குகள் ‘பிளே’ என்பார்கள். சக்கரங்கள் கையோடு ஒத்துத் திரும்பினாலும், நேர்ச்சாலையில் வண்டி தானாக இடமும் வலமும் நழுவிக்கொண்டே போக, ஓட்டுபவர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க நேர்ந்தால் அது ‘அலைச்சல்’. எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் அது வேறு. பெரும்பாலும் ஒருபக்க டயரில் காற்றுக் குறைவோ, விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக்கோ காரணம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் சக்கரத்தின் சமநிலையை, அதாவது ‘வீல் பேலன்ஸ்’ என்பதை, முதலில் பார்க்கவேண்டும். பின்னிரண்டும் எளிதில் தீர்வன. முன்னிரண்டுமே இங்கு நம் பொருள்.

கையிலிருந்து சாலைவரை செல்லும் வழியைத் தெரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அம்பாசிடரிலும் மாருதியிலும் அதன் நுனியில் ஒரு சிறு பல்சக்கரம் உண்டு, அது பினியன். அது திரும்பும்போது, பற்கள் வெட்டப்பட்ட நீண்ட கம்பியொன்று இடமும் வலமும் நகர்கிறது, அதுவே ராக். ராக்கின் இருமுனையிலும் டை ராடு என்னும் கம்பிகள். அவற்றின் நுனியில் உருண்டை மூட்டுகள். அம்மூட்டுகள் சக்கரத்தைத் தாங்கும் பகுதியின் கையைப் பிடித்துத் தள்ளுகின்றன. அந்தப் பகுதி கிங் பின்னையோ, பிற்கால வண்டிகளில் வேறொரு மூட்டையோ அச்சாகக்கொண்டு திரும்புகிறது. இறுதியில் சக்கரம், அதன் பேரிங், டயர். நம் தோளிலிருந்து விரல்நுனிவரை எத்தனை மூட்டுகளோ, இங்கும் ஏறக்குறைய அத்தனை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு நூலளவு தேய்மானம் இருந்தால்கூட, எல்லாம் சேர்ந்து கையில் இரண்டு விரற்கடையாகத் தெரியும். எனவே, “எந்தப் பொருள் கெட்டது?” என்ற வினாவைவிட, “எங்கெங்கே எவ்வளவு?” என்ற வினாவே பொருத்தமானது.

எவ்வளவு ஆட்டம் பொறுக்கத்தக்கது? பிரித்தானியாவில் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் சோதனையின் விதிகள் இதற்கு ஓர் அளவைத் தருகின்றன. 380 மில்லிமீட்டர், அதாவது பதினைந்து அங்குலக் குறுக்களவுள்ள ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில், ராக் உள்ள வண்டிக்குப் பொதுவாக 13 மில்லிமீட்டருக்கு மேலும், ஸ்டியரிங் பெட்டி உள்ள வண்டிக்கு 75 மில்லிமீட்டருக்கு மேலும் ஆட்டம் இருத்தலாகாது. எத்துணை வேறுபாடு பாருங்கள்! ராக் வண்டிக்கு ஒரு விரற்கடைக்கும் குறைவு. பெட்டி வண்டிக்கு நான்கு விரற்கடை. பத்மினி ஓட்டிப் பழகியவர் அம்பாசிடரின் ஆட்டத்தைப் பொருட்படுத்தாமல் விடுவதும், புதிய வண்டி ஓட்டிப் பழகிய இளைஞர் தந்தையின் பத்மினியை வீணாகக் குறைகூறுவதும் இதனால்தான். அம்பாசிடரின் ஸ்டியரிங் சக்கரம் சற்றுப் பெரியது. விளிம்பின் அளவையும் அதற்கேற்பச் சிறிது கூட்டிக்கொள்ளலாம்.

இனிச் சோதனைக்கு வருவோம். முதலில் காசு செலவில்லாத டயரிலிருந்து தொடங்கவேண்டும். வண்டியை ஒரு நாள் காலையில், ஓட்டுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றளவு பாருங்கள். கையேட்டில் குறித்த அளவுக்கு நான்கு சக்கரங்களும் இருக்கின்றனவா? முன்சக்கரம் இரண்டும் ஒன்றுக்கொன்று சமமா? காற்றுக் குறைந்த டயர், சாலைக்கும் வண்டிக்கும் இடையே ரப்பர்த் தலையணை வைத்தாற்போல நெளிந்துகொடுக்கும். கை திரும்பும், டயரின் பக்கச்சுவர் மடங்கும், வண்டி பிறகே திரும்பும். பழைய அம்பாசிடர்கள் குறுக்கிழை டயர்களோடு வந்தவை. பின்னாளில் பலர் ரேடியல் டயருக்கு மாறினார்கள். மாறுவதில் தவறில்லை, ஆனால் ஒரே அச்சில் ஒருபக்கம் ரேடியலும் மறுபக்கம் பழைய வகையும் போடுவது பெருந்தவறு. இரண்டு ரேடியல்தான் வாங்க முடிந்தது என்றால் அவற்றைப் பின்சக்கரங்களுக்கே போடவேண்டும். ஸ்டெப்னியில் கிடந்த பழைய டயரை ‘இரண்டு நாளைக்கு’ என்று முன்னால் மாட்டிவிட்டு இரண்டு ஆண்டு ஓட்டியவர்களை நாம் அறிவோம்.

டயரின் முகத்தையும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஓரம் மட்டும் இரம்பப் பல்போல் ஒருபக்கம் கூராகத் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்கோடு தவறியிருக்கிறது. வட்டத்தில் ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் எங்கோ ஒரு மூட்டோ, பேரிங்கோ, ஷாக் அப்சார்பரோ தளர்ந்திருக்கிறது. மெக்கானிக் வாய்திறக்குமுன் டயர் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அடுத்த சோதனைக்கு இருவர் வேண்டும். இது தலையாயது, இதைச் செய்யாமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். வண்டியைச் சமதரையில் சக்கரங்கள் நேராக இருக்குமாறு நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஸ்டியரிங் பூட்டு விழாதபடி சாவி திறந்த நிலையில் இருக்கட்டும். பவர் ஸ்டியரிங் பொருத்திய வண்டியானால் மட்டும் எஞ்சினை ஓடவிட்டே செய்யவேண்டும். அப்போது கியர் நடுநிலையில் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறு அளவில் விடாமல் ஆட்டவேண்டும். முழுதாகத் திருப்புவதன்று, சக்கரம் நகரத் தொடங்கும் இடம்வரை மட்டும். மற்றவர் குனிந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து வரவேண்டும்.

பார்ப்பதோடு நில்லாமல் தொட்டும் உணரவேண்டும். மூட்டின் இரு பகுதிகளையும் சேர்த்து உள்ளங்கையால் பற்றினால், கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் ‘டக் டக்’ என்று விரலில் தட்டும். தண்டையும் பினியனையும் இணைக்கும் இணைப்பில் தண்டு திரும்பியும் பினியன் நிற்கிறதா? அங்குள்ள இறுக்கு போல்டு தளர்ந்திருக்கலாம், இணைப்பே தேய்ந்திருக்கலாம். ராக்கை வண்டியின் உடலோடு பிணைக்கும் பிடிகளைப் பாருங்கள். ராக்கின் உள்கம்பி மட்டுமே நகரவேண்டும். அதன் வெளிக்குழாய் அசையவே கூடாது. குழாயும் சேர்ந்து நகர்ந்தால் பிடியின் போல்டு தளர்ந்துள்ளது, அல்லது பிடிக்குள் இருக்கும் ரப்பர் நைந்துள்ளது, அல்லது பிடி அமர்ந்துள்ள தகடே துருப்பிடித்து வெடித்துள்ளது. இந்த மூன்றாவது காரணம் அஞ்சத்தக்கது; கடலோர ஊர்களில் இதை மறக்கவே கூடாது. பிறகு டை ராடு நுனிகள். கம்பி நகர்ந்தும் சக்கரத்தின் கை அதே கணத்தில் நகராவிட்டால் அந்த எண்டு போய்விட்டது. அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தால் இன்று ஆட்டமில்லாவிடினும் நாளை வரும். உறை கிழிந்த வழியே மண் உள்ளே போகிறது, கிரீஸ் வெளியே வருகிறது.

ஸ்டியரிங் சக்கரம் மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ ஆடுகிறதென்று சிலர் கவலைப்படுவர். அது தண்டைத் தாங்கும் மேல் புஷ் தேய்ந்ததன் அடையாளம். மாற்றவேண்டியதுதான், ஆனால் வண்டி சாலையில் அலைவதற்கு அது பெரும்பாலும் காரணமாகாது. இதைக் காட்டிப் பெரிய பில் போடுவோரிடம் எச்சரிக்கை தேவை.

தரைச் சோதனை முடிந்ததும் ஜாக்கிச் சோதனை. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் கை நீட்டலாகாது. உறுதியான இரும்புத் தாங்கி வைக்கவேண்டும். செங்கல்லை அடுக்கி வைப்பது அறவே கூடாது, பாரம் ஏறினால் அது சொல்லாமல் உடையும். ஒரு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பி, கடிகார முகத்தில் 12 மணியும் 6 மணியும் இருக்கும் இடங்களைப் பற்றி உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். ஆடினால், உள்ளே இருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது ஆட்டம் மறைந்தால் குற்றம் வீல் பேரிங்கினுடையது. பிரேக் பிடித்ததும் சக்கரமும் அதன் தாங்கியும் ஒன்றாகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் அடங்கிவிடுகிறது. பிரேக் பிடித்தும் ஆடினால் கிங் பின், அதன் புஷ், அல்லது மேல் கீழ் இணைப்புகள். எந்த இடம் என்பதை அருகில் கண்வைத்தால் காணலாம். பிறகு 9 மணியும் 3 மணியும் இருக்கும் இடங்களைப் பற்றி அதேபோல் அசைக்கவேண்டும். இந்தப் பக்கம் மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு நுனியோ ராக்கின் உள்மூட்டோ என்று பொருள். அந்த உள்மூட்டு, மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கும். உறையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தே உணரவேண்டும்.

இவ்வளவுக்கும் தேவைப்படும் நேரம் ஒரு மணிக்கும் குறைவே. செலவும் இல்லை. ஆனால் நம்மவர்கள் இதைச் செய்வதில்லை.

நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று. தந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய அம்பாசிடர் அலைகிறதென்று ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். ராக்கை முழுதும் மாற்றவேண்டும் என்றார்கள். இன்னொரு பட்டறையில் நான்கு டயரும் மாற்றச் சொன்னார்கள். மகளின் திருமணத்துக்கு இரண்டு மாதமே இருந்தது. கையில் இருந்த பணம் அதற்கென்று ஒதுக்கியது. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கேட்கவே அவர் நம்மிடம் வந்தார். அவர் மனைவிக்கு முழங்கால் வலி. பேருந்து ஏற இயலாது. வண்டி போனால் அந்த அம்மையாரின் வெளியுலகமும் போயிற்று.

ஒரு மாலை, ஊரில் நல்ல பெயருள்ள முதிய மெக்கானிக் ஒருவரை வரவழைத்தோம். அவர் கருவிப் பையைத் திறக்கவேயில்லை. ஆசிரியரை உள்ளே அமர்த்தி, “சார், நான் சொல்ற வரைக்கும் சும்மா ஆட்டிக்கிட்டே இருங்க” என்றார். தாம் தரையில் சாக்கை விரித்துப் படுத்தார். சிறிது நேரத்தில் நம்மையும் கூப்பிட்டார்: “சாமி, இங்க கைய வைங்க.” வைத்தோம். ராக்கின் குழாய் ஒருபக்கப் பிடிக்குள் நழுவி நழுவி வருவது தெளிவாகத் தெரிந்தது. இடப்பக்க டை ராடு எண்டில் உறை கிழிந்து, மூட்டு தட்டிற்று. முன்டயர்களில் ஒன்றுக்கொன்று காற்று வேறுபட்டிருந்தது. அவ்வளவே. “ராக்கு நல்லாத்தான் இருக்கு சாமி. பிடிச்சிருக்கிறதுதான் சரியா பிடிக்கல” என்றார். பிடியின் ரப்பரும், எண்டு ஒன்றும் மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, வண்டி இரண்டே நாளில் வீடு சேர்ந்தது. திருமணத்துக்கு மணமகளின் பாட்டி அதில்தான் வந்தார்.

எல்லா வண்டியும் இவ்வளவு எளிதில் குணமாகும் என்று கூறமாட்டோம். உண்மையிலேயே ராக் தேய்ந்த வண்டிகள் உண்டு. அங்கேதான் ஒரு பெருந்தவறு நடக்கிறது. அதைச் சற்று விளக்கவேண்டும். ராக்கைப் பினியனோடு நெருக்கமாக அழுத்திவைக்க, சுருள்வில்லோடு கூடிய ஒரு தாங்கி உண்டு. அதன் மூடியின் கீழ் மெல்லிய ஷிம் தகடுகளை எடுத்தோ, சில வண்டிகளில் ஒரு மரையைத் திருகியோ ஆட்டத்தைக் குறைக்கலாம். ஆனால் வண்டி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நேராகவே ஓடிக் கழித்திருக்கிறது. ஆகவே ராக்கின் நடுப்பற்களே மிகுதியும் தேய்ந்திருக்கும். ஓரப் பற்கள் புதியனபோல் இருக்கும். நடுவில் உள்ள ஆட்டம் முழுதும் மறையும்வரை இறுக்கினால், வளைவில் திருப்பும்போது தேயாத ஓரப் பற்கள் வந்து இறுகிக்கொள்ளும். ஸ்டியரிங் கனக்கும், வளைவு முடிந்தபின் தானாக நேராகத் திரும்பி வராது. இலேசான ஆட்டத்தைவிட இது பன்மடங்கு கொடியது. எனவே இறுக்கியபின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை முழுதும் திருப்பிப் பார்க்கவேண்டும். எங்கும் பிடிக்கக் கூடாது. பிடித்தால் சிறிது தளர்த்தி, எஞ்சிய ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அது அளவுமீறி இருந்தால் ராக்கை மாற்றுவதே வழி.

பத்மினி, பழைய ஜீப் போன்றவற்றில் ராக் இல்லை. ஸ்டியரிங் பெட்டி உண்டு. பெட்டியின் மேல் ஒரு திருகும் அதைப் பூட்டும் நட்டும் கண்ணுக்கு எதிரே இருப்பதால், கையில் ஸ்பானர் உள்ள எவருக்கும் அதைத் திருகும் ஆசை வந்துவிடுகிறது. மேற்கூறிய நடுத்தேய்மானக் கதை இங்கும் அப்படியே பொருந்தும். அந்தத் திருகில் கைவைக்குமுன் வேறு இரண்டைப் பார்க்கவேண்டும். ஒன்று, பெட்டியை வண்டியோடு பிணைக்கும் போல்டுகள். மற்றொன்று, பெட்டிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஐட்லர் கை. நம் நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் பெட்டியும் வலப்பக்கம். ஐட்லர் இடப்பக்கத்தில் எவர் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. அதன் புஷ் தேய்ந்து கை மேலும் கீழும் ஆடினால், பெட்டியை எவ்வளவு திருகினாலும் வண்டி நேராகப் போகாது. பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் அடியில் ஈரம் கசிந்திருந்தால் உள்ளே வறண்டிருக்கக்கூடும்.

மூட்டுகள் எல்லாம் கெட்டியாக இருந்தும் வண்டி அலைகிறதென்றால் கண்ணைப் பின்னால் திருப்பவேண்டும். அம்பாசிடரின் பின்னச்சு பட்டை ஸ்பிரிங்குகளின்மேல் அமர்ந்திருக்கிறது. அவற்றைப் பிணைக்கும் யு போல்டுகள் தளர்ந்தாலோ, ஸ்பிரிங்கின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் நைந்தாலோ, பின்னச்சு சிறிது கோணலாக நகரும். அதாவது பின்சக்கரங்களும் தம் போக்கில் வண்டியைத் திருப்பும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது வண்டி ஒருபக்கமும், விடும்போது மறுபக்கமும் நெளிந்தால் இதைச் சந்தேகிக்கலாம். முன்பக்கத்தை மூன்று முறை பிரித்துப் பூட்டியும் தீராத அலைச்சல் நான்கு நட்டை இறுக்கியதும் தீர்ந்த வரலாறுகள் உண்டு.

பாரத்தையும் இங்கே சொல்லவேண்டும். ஐவருக்கென்று செய்த வண்டியில் ஒன்பது பேர் ஏறி, பின்பெட்டியில் அரிசி மூட்டையும் மேலே படுக்கைகளும் கட்டி வேளாங்கண்ணிக்குப் புறப்படும் குடும்பங்களை நாம் பார்த்து வருகிறோம். (அவர்களுள் சிலர் புறப்படுமுன் வண்டியை மந்திரிக்கச் சொல்லி நம்மிடம் வருவதும் உண்டு, காற்றுப் பார்த்தீர்களா என்று கேட்டால் முகத்தோடு முகம் பார்ப்பார்கள்.) பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் எழும், முன்டயர்களின்மீது உள்ள பாரம் குறையும், ஸ்டியரிங் காகிதம்போல் இலேசாகிவிடும். அப்போது வேகமாகப் போனால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. இதற்குப் பட்டறை மருந்து இல்லை.

பழுது பார்த்தபின் சக்கரங்களின் நேர்கோட்டைச் சரிபார்த்தே ஆகவேண்டும். டை ராடு எண்டு ஒன்றை மாற்றினாலே சக்கரத்தின் கோணம் மாறிவிடும். கழற்றுமுன் எத்தனை மரை என்று எண்ணிக்கொண்டு அதே அளவு பூட்டுவது பட்டறைவரை ஓட்டிச்செல்ல உதவும். அதுவே போதும் என்று விடலாகாது. பழைய வண்டிகள் பலவற்றில் முன்சக்கரங்கள் இரண்டும் முன்புறத்தில் ஒன்றையொன்று நோக்கி மிகச் சிறிது, சில மில்லிமீட்டர் அளவே, சாய்ந்திருக்கவேண்டும். இதற்கு டோ-இன் என்று பெயர். அது மாறி வெளிநோக்கி விரிந்தால் வண்டி அலையும். அளவைக் கையேடு தரும். ஆனால் மூட்டுகளில் ஆட்டம் இருக்கும்போது அலைன்மென்ட் செய்வது வீண். இயந்திரத்தில் சரியாகக் காட்டிய கோணம் தெருமுனைக்கு வருமுன் மாறிவிடும். முதலில் மூட்டு, பிறகே அலைன்மென்ட்.

இன்னொரு கோணமும் உண்டு. மிதிவண்டியின் முன்கவட்டைப் பாருங்கள். செங்குத்தாக இராமல் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வினால்தான் கையை விட்டாலும் அது நேராகப் போக முயல்கிறது. மோட்டார் வண்டியிலும் இவ்விதச் சாய்வு உண்டு; காஸ்டர் என்பர். பெரும்பள்ளத்தில் விழுந்தபின்பு வண்டி நேர்கோட்டுக்குத் திரும்ப மறுத்தால் ஏதோ ஒரு பகுதி வளைந்து இந்தச் சாய்வு கெட்டிருக்கலாம். அம்பாசிடரின் முன்பக்கம் முறுக்குக் கம்பிகளால் தாங்கப்படுகிறது. ஆண்டுகள் செல்ல அது ஒருபக்கம் தாழ்ந்துபோவதுண்டு. சமதரையில் நிறுத்தி, இருபுறத்து உயரத்தையும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

வேலை செய்பவரிடம் சில செய்திகளைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கி ஆட்டிப் பாருங்கள். நட்டில் குத்தும் ஸ்பிளிட் பின் புதிதாகப் போடப்பட்டதா? பழையதை நிமிர்த்தி மறுபடி போடுவது சில்லறை மிச்சம். அது ஒடிந்தால் நட்டு கழன்றுவிடும். இறுகிப்போன டை ராடு எண்டைக் கழற்ற, மரையின் தலைமேல் சுத்தியலால் அடிப்பவர் வேலை அறியாதவர். அறிந்தவர் இழுவைக் கருவி வைப்பார், அல்லது அது செருகியிருக்கும் கையின் கண்ணைப் பக்கவாட்டில் தட்டி விடுவிப்பார். வீல் பேரிங்கை இறுக்கி ஆட்டத்தைப் போக்கினோம் என்றால், அவ்வகை பேரிங் இறுக்கத்தக்கதா, மாற்றவேண்டியதா என்று கையேட்டில் பார்த்தீர்களா என வினவுங்கள். அளவுக்கு மேல் இறுக்கிய பேரிங் சூடேறி எரிந்துபோகும்.

கிங் பின் உள்ள வண்டிக்கு உயிர்நாடி கிரீஸ். கிரீஸ் நிப்பிளைத் துடைத்துவிட்டு, சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பியபின் அடிக்கவேண்டும். வண்டியின் பாரம் அழுத்திக்கொண்டிருக்கும்போது அடித்தால், தேயும் பக்கத்துக்கே கிரீஸ் போய்ச் சேராது. பழைய அழுக்குக் கிரீஸ் வெளிவந்து புதியது எட்டிப்பார்க்கும்வரை அடிக்கவேண்டும். எவ்வளவு அடித்தும் வெளிவராவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது. மாற்றுங்கள், அது மிக மலிவு. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இதைத் தவறாமல் செய்பவர் கிங் பின் மாற்றும் செலவைப் பல ஆண்டு தள்ளிப்போடலாம்.

சில அடையாளங்களைக் கண்டால் வண்டியை நகர்த்தவே கூடாது. டை ராடு எண்டின் உருண்டை, கையால் இழுத்தால் குழியிலிருந்து எழும்புவதாகத் தெரிவது. ராக் அல்லது பெட்டி அமர்ந்த தகட்டில் வெடிப்பு. நேற்றுவரை இல்லாத ஆட்டம் இன்று திடீரென்று தோன்றுவது. திருப்பும்போது ஓரிடத்தில் சிக்கிப் பிறகு விடுவது. இவற்றுள் ஒன்று இருந்தாலும் பட்டறைக்கு வண்டியை ஓட்டிச்செல்லாமல், மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள், அல்லது வண்டியை ஏற்றிச்செல்லும் வாகனத்தை வரவழையுங்கள். கட்டி இழுத்துப்போவதும் ஆகாது. இழுபடும் வண்டியையும் ஒருவர் அதே ஸ்டியரிங்கால்தானே திருப்பியாகவேண்டும்?

எல்லாம் முடிந்தபின், போக்குவரத்து இல்லாத நேர்ச்சாலையொன்றில், அதிகாலையில், தனியாக ஓட்டிப் பாருங்கள். முதலில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் இருபுறமும் மெல்லத் திருப்புங்கள். வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானே நேராக வருகிறதா என்று கவனியுங்கள். பின்னர் நாற்பதில் ஒருமுறை, இலேசாகப் பிரேக் பிடித்து ஒருமுறை. ஐம்பது அல்லது நூறு கிலோமீட்டர் ஓடியபின் புதிதாகப் போட்ட போல்டு ஒவ்வொன்றையும் மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். புது ரப்பர் அமர்ந்ததும் அவை சிறிது தளர்வது இயல்பு. அதற்குப் பிறகு வீட்டாரை ஏற்றுங்கள்.